பெட்ரூம் டிவி: எத்தனை இன்ச், எத்தனை புள்ளி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவிடமிருந்து போன். "டேய், பெட்ரூமுக்கு ஒரு டிவி வாங்கணும். அத்தான் 55 இன்ச்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். எனக்கு 32 போதும்னு தோணுது. நீ சொல்லு."

"தலைமாட்டுலேருந்து டிவி மாட்டப்போற சுவர் எவ்வளவு தூரம்க்கா?"

"பத்துக்குப் பத்து ரூம்டா. பத்தடிதான்."

"இன்ச் டேப் எடுத்து அளந்து சொல்லேன். சுவத்துக்குச் சுவர் வேண்டாம். சாஞ்சு உக்காந்தா உன் கண்ணு எங்க இருக்கோ, அங்கேருந்து."

அரை மணி நேரம் கழித்து வந்த பதில்: எட்டடி.

பத்தடி அறையில் இரண்டடி எங்கே போனது? கட்டிலின் தலைப்பலகை மூன்று நான்கு அங்குலத்தை எடுத்துக்கொண்டது. தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்தால் கண் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் வந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் மாட்டும் சட்டமும் டிவியின் தடிமனும் சேர்ந்து நான்கைந்து அங்குலம். மேசை போட்டு அதன்மேல் வைத்தால் இன்னும் ஒரு அடி குறையும். (பில்டர் பிளானில் போட்டிருக்கும் பத்தடியே பூச்சு போக ஒன்பதேமுக்காலாக இருக்கும் வீடுகளும் உண்டு. அது வேறு சண்டை.)

டிவி வாங்கப் போகிறவர் கையில் வைத்திருக்க வேண்டிய முதல் எண் இதுதான்: கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் எவ்வளவு தூரம். இன்ச், ஃபுல் எச்டி, 4கே எல்லாம் இதற்கு அப்புறம். இந்த எண் இல்லாமல் கடைக்குப் போனால், "ஒரு சைஸ் பெருசாவே எடுத்துடுங்க சார்" என்கிற குரலுக்குத் தலையாட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

குறுக்கே அளக்கும் இன்ச்

43 இன்ச் டிவி என்றால் 43 இன்ச் அகலம் என்று நினைத்துப் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மூலைக்கு மூலை, குறுக்கே அளந்த அளவு. இன்றைய டிவிகளின் அகலமும் உயரமும் 16:9 என்ற விகிதத்தில் இருப்பதால், குறுக்களவை 0.87-ஆல் பெருக்கினால் அகலம், 0.49-ஆல் பெருக்கினால் உயரம் கிடைத்துவிடும். 32 இன்ச் திரை ஏறக்குறைய 28 இன்ச் அகலம், 16 இன்ச் உயரம். 43 என்றால் அகலம் 37½, உயரம் 21. 55 என்றால் 48-க்கு 27. இது திரை மட்டும். ஓரச் சட்டத்துக்கு அரை இன்ச், முக்கால் இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியில் சென்டிமீட்டரிலும் போட்டிருப்பார்கள்: 80 என்றால் 32 இன்ச், 108 என்றால் 43, 139 என்றால் 55.

இந்த இன்ச் கணக்கு கண்ணை ஏமாற்றும். 32-லிருந்து 43-க்குப் போவது பதினொரு இன்ச் வித்தியாசம் போலத் தெரிகிறது. பரப்பளவில் பார்த்தால் 80 சதவீதம் கூடுதல். 55 இன்ச் திரையோ 32-ஐப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அத்தானும் அக்காவும் மோதிக்கொண்டது 23 இன்ச்சுக்காக அல்ல, மூன்று டிவிக்காக.

பழைய பெட்டி டிவியோடு ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவை 4:3 விகிதம், ஏறக்குறைய சதுரம். அந்தக் காலத்து 21 இன்ச் டிவியின் திரை உயரம் பன்னிரண்டரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். 32 இன்ச் எல்இடி அதைவிட மூன்று இன்ச்தான் உயரம். ஆகவே, "ஹால்ல 21 வச்சே காலத்த ஓட்டினோம், 32 ரொம்பப் பெருசு" என்பது முழுக்கச் சரியில்லை. முகங்கள் அன்று தெரிந்ததைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரியும். மீதி எல்லாம் பக்கவாட்டில் கிடைத்த இடம். அதே நேரம் தமிழ்நாட்டில் 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்தது 14 இன்ச் பெட்டி. அதன் முன்னால் தெருவே உட்கார்ந்து சீரியல் பார்த்த வீடுகள் உண்டு. எது போதும் என்பது பழக்கத்தைப் பொறுத்ததும்கூட.

சரி, எட்டடிக்கு எத்தனை இன்ச்? சினிமா பார்க்கிற அனுபவத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது: திரை நம் பார்வையில் 30 டிகிரி அகலத்தை அடைத்துக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் தூரத்தை 1.6-ஆல் வகுக்க வேண்டும். எட்டடி 96 இன்ச். வகுத்தால் 60 இன்ச் டிவி! அத்தான் பக்கம் நியாயம் இருப்பது போலத்தான் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான அட்டவணைகளும் இதையொட்டித்தான் சொல்லும்.

ஆனால் அது நிமிர்ந்து உட்கார்ந்து, படம் தொடங்கி முடியும்வரை திரையையே பார்க்கிறவருக்கான கணக்கு. படுக்கையறையில் நாம் அப்படியா பார்க்கிறோம்? பத்து மணிச் செய்தி, பாதியில் தூங்கிப்போகும் ஒரு படம், ஒருவர் பார்க்க இன்னொருவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்ளும் இரவு. விளக்கு அணைந்த சின்ன அறையில் பெரிய திரை என்றால் சுவர் மொத்தமும் வெளிச்சம். அதனால் படுக்கையறைக்கு நான் தூரத்தை இரண்டாலும் இரண்டரையாலும் வகுத்துப் பார்ப்பேன். நடுவில் விழுவது நம் அளவு. இது என் கைக்கணக்கு, எந்தத் தர நிர்ணயமும் இல்லை. 96-ஐ வகுத்தால் 38-க்கும் 48-க்கும் நடுவே. அதில் கடையில் தாராளமாகக் கிடைப்பது 43. தூரம் ஆறடிதான் என்றால் 32. பன்னிரண்டடி அறையில் பத்தடி தூரம் கிடைக்கிறது, டிவி பார்ப்பதே படம் பார்க்கத்தான் என்றால் 50, 55 தாராளமாகப் போகலாம்.

விலையில் ஒரு விஷயம். சில வருஷங்களாக 32 இன்ச் வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 28 என்று இருந்தது. 32-லேயே பலர் நின்றுவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கும் 18 சதவீதம்தான். வரிக்காகச் சின்னதை எடுக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

1920 புள்ளி, 1080 வரிசை

ரெசல்யூஷன் என்ற சொல்லைக் கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மார்கழிக் கோலப் புத்தகத்தில் "15 புள்ளி, 15 வரிசை" என்று போட்டிருக்குமே, அதேதான். திரை முழுக்கப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் கொடுத்துத்தான் படம் வரைகிறார்கள். எச்டி ரெடி என்பது பெரும்பாலும் 1366 புள்ளி, 768 வரிசை: மொத்தம் பத்தரை லட்சம். ஃபுல் எச்டி 1920 புள்ளி, 1080 வரிசை: இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரம். 4கே அல்லது யுஎச்டி என்பது 3840 புள்ளி, 2160 வரிசை. ஃபுல் எச்டியைப் போலச் சரியாக நான்கு மடங்கு, ஏறக்குறைய 83 லட்சம். 8கே அதற்கும் நான்கு மடங்கு. பெட்ரூமில் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

வாசல் அதே வாசல். புள்ளியைக் கூட்டினால் என்ன ஆகும்? புள்ளிகள் நெருங்கும், கோலம் நுணுக்கமாகும். ஆனால் அந்த நுணுக்கத்தைப் பார்க்கக் கிட்டே வந்து குனிய வேண்டும். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு கோலமும் ஒன்றுதான். டிவிக்கும் இதுதான் நடக்கிறது.

கண் பரிசோதனையில் சிக்ஸ் பை சிக்ஸ் என்று சொல்கிறார்களே, அந்தப் பார்வை உள்ளவரால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். எட்டடி தூரத்தில் அது 0.7 மில்லிமீட்டர். அதைவிட நெருக்கமாக இரண்டு புள்ளி இருந்தால் கண்ணுக்கு ஒன்றாகக் கலந்துவிடும். இப்போது டிவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 32 இன்ச் எச்டி ரெடி திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறக்குறைய 0.52 மில்லிமீட்டர். 43 இன்ச் ஃபுல் எச்டியில் 0.5. 43 இன்ச் 4கே-யில் 0.25. மூன்றுமே 0.7-க்குக் கீழே! எட்டடியில் சாய்ந்திருக்கும் அக்காவுக்கு 43 இன்ச் ஃபுல் எச்டியும் 43 இன்ச் 4கே-யும் கூர்மையில் ஒன்றுதான். சிலருக்குக் கண் இதைவிடக் கூர்மையாக இருக்கும். அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

"கடையில் பார்க்கும்போது 4கே அவ்வளவு பளிச்சென்று இருந்ததே?" என்று கேட்பீர்கள். பொய்யில்லை, இருந்திருக்கும். கடையில் நீங்கள் நின்றது மூன்றடி தூரத்தில். அங்கே கண்ணின் எல்லை 0.27 மில்லிமீட்டர், ஃபுல் எச்டியின் புள்ளி தெரியும், 4கே-யின் புள்ளி தெரியாது. போதாக்குறைக்கு அங்கே ஓடியது கிளியும் அருவியும் பழத்தட்டும் காட்டுவதற்கென்றே 4கே-யில் எடுத்த விளம்பரப் படம், நிறத்தையும் வெளிச்சத்தையும் உச்சத்தில் வைத்து. வீட்டில் எட்டடிக்கு அப்பால் ஓடப்போவது ராத்திரி சீரியல்.

கால்குலேட்டர் இல்லாமல் பார்க்க வேண்டுமா? ஃபுல் எச்டி டிவியின் இன்ச்சை ஒன்றரையால் பெருக்குங்கள். அந்தத் தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்தால் 4கே-க்குக் கொடுக்கிற காசு கூர்மையில் திரும்பி வராது. 43-க்கு அது ஐந்தரை அடி, 55-க்கு ஏழடி. எச்டி ரெடிக்கு இரண்டேகாலால் பெருக்குங்கள்: 32 இன்ச்சுக்கு ஆறடி. ஆறடிக்குள்ளே உட்கார்ந்து பார்க்கப் போகிறவர், 32-லேயே ஃபுல் எச்டி கிடைக்கிறதா என்று தேடலாம்.

வருகிற சரக்கு எப்படி?

திரையில் எத்தனை புள்ளி இருந்தாலும், வருகிற படத்தில் அத்தனை இருக்க வேண்டுமே. கேபிளிலும் டிஷ்ஷிலும் அன்றாடம் நாம் பார்க்கும் தமிழ் சேனல்கள் எஸ்டி, எச்டி என்று இரண்டு வகையில்தான் வருகின்றன. எஸ்டி என்பது அதிகபட்சம் 720 புள்ளி, 576 வரிசை. நான்கு லட்சத்துச் சொச்சம். அதில் ஒவ்வொரு புள்ளியையும் ஃபுல் எச்டி டிவி ஐந்து புள்ளியாக விரிக்க வேண்டும். 4கே டிவி இருபதாக விரிக்க வேண்டும். இல்லாததை ஊகித்து நிரப்பும் இந்த வேலையை நல்ல டிவிகள் நன்றாகச் செய்யும். மலிவு டிவிகளில் முகம் மெழுகு பூசியது போல இருக்கும். குழம்பில் தண்ணீர் சேர்த்து அளவைக் கூட்டலாம், ருசி கூடாது.

திரை பெரிதாகப் பெரிதாக இந்தக் குறை பளிச்சென்று வெளியே வரும். புதிதாக 55 இன்ச் வாங்கி, பழைய எஸ்டி செட்டாப் பாக்ஸை அதில் சொருகிவிட்டு, "பழைய டிவியே தெளிவா இருந்துச்சு" என்று புலம்புகிறவர்கள் சொல்வது உண்மைதான். அவர்கள் மாற்ற வேண்டியது பாக்ஸை. எச்டி பாக்ஸ் வாங்கியும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை கொண்ட பழைய வயரில் இணைத்திருந்தால் கிடைப்பது எஸ்டிதான். எச்டிஎம்ஐ வயர் வேண்டும். கேபிள்காரர் இதைச் செய்யாமல் போனதை நானே இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஓடிடியில் 4கே உண்டு. ஆனால் எல்லாத் திட்டத்திலும் இல்லை. நெட்ஃபிளிக்ஸில் விலை கூடிய பிரீமியம் திட்டத்தில்தான் 4கே. நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறார்கள், ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை போகும். மோடம் இருப்பது ஹாலில், பெட்ரூம் இரண்டு சுவர் தள்ளி என்றால் அந்த வேகம் கட்டிலுக்கு வந்து சேர்கிறதா என்பதை போனை எடுத்துப் போய்ப் படுத்துக்கொண்டே சோதித்துப் பாருங்கள். வேகம் குறைந்தால் ஆப் தானாகவே தரத்தை இறக்கிவிடும். 4கே-க்குப் பணம் கட்டிவிட்டு அதைவிட மங்கலான படம் பார்ப்போம், சத்தமில்லாமல்.

அப்படியானால் 4கே வேண்டாமா? இங்கே சந்தை நம்மை ஒரு விநோதமான இடத்தில் நிறுத்துகிறது. 43 இன்ச்சில் இரண்டும் கிடைக்கிறது. ஆனால் நல்ல வெளிச்சம், நல்ல நிறம், வேகமான பிராசசர் எல்லாவற்றையும் கம்பெனிகள் 4கே மாடல்களில்தான் வைக்கிறார்கள். 50-க்கு மேல் போனால் ஃபுல் எச்டி தேடினாலும் கிடைப்பது அரிது. ஆகவே புள்ளிக்காக 4கே வாங்க வேண்டாம். விலை வித்தியாசம் இரண்டு மூவாயிரம்தான் என்றால் மற்ற வசதிகளுக்காக எடுத்துக்கொள்ளலாம். அதைவிட அதிகமென்றால் அந்தப் பணத்தில் எச்டி பாக்ஸும் ஒரு நல்ல ஸ்பீக்கரும் வாங்கலாம். ஒல்லி டிவிகளின் ஸ்பீக்கர் சத்தத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. பையன் லேப்டாப்பை இணைத்து இரண்டு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து படிக்கவோ கேம் ஆடவோ போகிறான் என்றால், அங்கே 4கே-யின் ஒவ்வொரு புள்ளியும் வேலை செய்யும். எழுத்தின் ஓரங்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பெட்டியின் மேலே இருக்கும் வார்த்தைகளில் ஒரு கண்ணி உண்டு. "1080 சப்போர்ட்" என்று ஒட்டியிருப்பார்கள். அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், காட்டும் திரை 1366-க்கு 768 ஆக இருக்கலாம். "பேனல் ரெசல்யூஷன் எவ்வளவு?" என்று கேளுங்கள். 1920-க்கு 1080 என்று எண்ணாகச் சொன்னால்தான் ஃபுல் எச்டி. எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் வசதி) என்ற ஸ்டிக்கருக்கும் இதே சந்தேகம் பொருந்தும்.

காகிதத்தில் ஒரு ஒத்திகை

அக்காவிடம் இந்தக் கணக்கை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பழைய செய்தித்தாள்களை ஒட்டி 48-க்கு 27 இன்ச்சில் ஒன்று, 37½-க்கு 21-இல் ஒன்று, 28-க்கு 16-இல் ஒன்று என மூன்று வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு ராத்திரி சுவரில் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். முதல் நாளே 55 தோற்றது. பீரோக் கதவைத் திறந்தால் காகிதத்தின் ஓரத்தில் இடித்தது. கடைசி நாள் 32. "தம்பி, இது காலண்டர் மாதிரி இருக்குடா" என்று அக்காவே சொல்லிவிட்டாள்.

காகிதம் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது: உயரம். அத்தான் ஹாலில் இருப்பது போலவே மூன்றடி உயரத்தில் நடுப்பகுதி வரும்படி ஒட்டியிருந்தார். படுத்துப் பார்த்தால் அவருடைய கால் விரல்களே செய்தி ஓடும் கீழ்ப்பகுதியை மறைத்தன. படுக்கையறையில் டிவி கொஞ்சம் மேலே இருப்பதுதான் சௌகரியம். சாய்ந்து உட்காரும்போது கண் தரையிலிருந்து மூன்றரை அடிக்கு மேல் இருக்கும். திரையின் நடுப்பகுதி நான்கிலிருந்து ஐந்தடிக்குள் இருந்தால் எட்டடித் தூரத்தில் பார்வை லேசாகத்தான் மேலே போகும், கழுத்து நிமிராது. கீழ்ப்பக்கமாகச் சாய்க்கக்கூடிய சட்டமாக வாங்குங்கள். ட்யூப்லைட் திரையில் பிரதிபலிப்பதும் அந்தச் சாய்வில் பாதி போய்விடும். ஏசிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்; தண்ணீர் சொட்டுகிற நாள் எப்போதாவது வரும்.

கட்டிலில் இரண்டு ஓரத்திலும் இரண்டு பேர், தரையில் பாய் போட்டுப் பிள்ளைகள் என்று பல கோணத்தில் பார்க்கிற வீட்டில் பேனலின் வகையும் முக்கியம். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் போனால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் பக்கத்திலிருந்தும் நிறம் மாறாது, ஆனால் விளக்கை அணைத்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். கடையிலேயே இரண்டடி பக்கவாட்டில் தள்ளி நின்றும், உட்கார்ந்தும் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம்.

கடைசியில் 43 இன்ச், 4கே-யில் ஒரு நடுத்தர மாடல் வந்தது. ஃபுல் எச்டிக்கும் அதற்கும் விலை வித்தியாசம் சொற்பம்தான். மாட்டி முடித்த மறுநாள் இரவு அக்கா கூப்பிட்டாள். இருட்டில் டிவியின் சிவப்பு விளக்கு கண்ணைக் குத்துகிறதென்று ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினாளாம். காலையிலிருந்து ரிமோட் வேலை செய்யவில்லை. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கண்ணும் அந்த விளக்கும் பக்கத்திலேயே இருக்கும். "சின்னப் பொட்டா ஒட்டுக்கா, விளக்கு மேல மட்டும்" என்றேன்.